புதன்கிழமை ஊசி: ஆரம்ப சுகாதார நிலையத் தடுப்பூசிச் சேவை எப்படி இருக்கிறது?

தமிழ்நாட்டில் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் புதன்கிழமை என்றால் ஊசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும், துணை சுகாதார நிலையத்திலும், சில ஊர்களில் அங்கன்வாடியிலும் அன்றுதான் தடுப்பூசி போடுகிறார்கள். காசு கிடையாது. இந்தச் சேவைக்கு மதிப்பெண் போடச் சொன்னால் மருந்துக்கு ஐந்துக்கு ஐந்து, ஊசி போடும் கைக்கு நாலரை, பதிவேட்டுக்கு மூன்று, உட்காரும் இடத்துக்கும் விளக்கிச் சொல்லும் பேச்சுக்கும் இரண்டு. "இலவச மருந்து எப்படி இருக்குமோ" என்று தயங்குகிறவர்கள் அதிகம். ஆனால் குறை இருப்பது மருந்தில் இல்லை. மருந்தைச் சுற்றியுள்ள வேலைகளில்தான்.

முதலில் மருந்து. தடுப்பூசி கெட்டுப்போக இரண்டு வழி உண்டு: சூடு, உறைதல். போலியோ சொட்டு மருந்து, தட்டம்மை-ரூபெல்லா, காசநோய்க்கான பி.சி.ஜி. ஆகியவை சூட்டில் வீரியம் இழக்கும். பென்டா (கக்குவான் உட்பட ஐந்து நோய்க்கான ஒரே ஊசி), நிமோனியா ஊசி (பி.சி.வி.), டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்குமான ஊசி), ஊசி வழிப் போலியோ இவை உறைந்தால் கெடும். எல்லாவற்றையும் 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைக்க வேண்டும். சுகாதார நிலையத்தில் இதற்கென்றே ஐ.எல்.ஆர். என்ற குளிர்ப்பெட்டி இருக்கிறது. கதவு மேல்பக்கம் திறக்கும் என்பதால் குளிர்ந்த காற்று கீழேயே தங்கும். கரண்ட் போனாலும் பல மணி நேரம் தாங்கும். உறையக்கூடாத மருந்துகள் மேலே கூடையில் இருக்க வேண்டும், போலியோவும் தட்டம்மையும் அடியில். காலை, மாலை இருவேளையும் வெப்பநிலையை எழுதி வைக்கிறார்கள். தெருமுனை கிளினிக்கில் வீட்டு ஃப்ரிட்ஜ் ஒன்றில் கதவுத் தட்டில் மருந்து அடுக்கியிருந்தால், அது விலை உயர்ந்த மருந்தாக இருந்தாலும் இந்தப் பெட்டிக்கு ஈடாகாது. நன்றாக வைத்திருக்கும் தனியார் கிளினிக்குகளும் உண்டு. உள்ளே தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று கேட்டால் தெரிந்துவிடும்.

மருந்தைக் குளிர் குறையாமல் கொண்டுசேர்க்கும் சங்கிலியின் பலவீனமான கண்ணி, பெட்டியிலிருந்து துணை நிலையத்துக்குப் போகும் பயணம். நான்கு ஐஸ்பேக் வைத்த கேரியரில் மருந்து போகிறது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ்பேக்கை அப்படியே உள்ளே வைத்தால் பென்டா உறைந்துவிடும். ஐஸ்பேக்கை வெளியே வைத்து, மேலே வியர்த்து, ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை பொறுக்க வேண்டும். காலை அவசரத்தில் இந்தப் பொறுமைதான் முதலில் போகும். பெற்றோர் இதையெல்லாம் சோதிக்க முடியாது. ஆனால் குப்பியில் ஒட்டியிருக்கும் சிறு வட்டத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் சுற்றியுள்ள வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து சூடு படவில்லை. இரண்டும் ஒரே நிறமானாலோ சதுரம் கறுத்துப் போனாலோ அந்தக் குப்பியைப் போடக்கூடாது. இந்த அடையாளம் சூட்டை மட்டும்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. "ஒருமுறை குப்பியைக் காட்டுங்க சிஸ்டர்" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்காமல் காட்டுகிறார்கள். கேட்பவர்கள்தான் இல்லை.

ஊசி போடும் முறையிலும் குறை சொல்ல அதிகம் இல்லை. ஒருமுறை அழுத்தினால் மறுபடி இழுக்க முடியாத சிரிஞ்சுதான் பயன்படுத்துகிறார்கள். போட்டவுடன் அதை வெட்டுக்கருவியில் நறுக்கிப் போடுகிறார்கள். தொடையில் போடுவதைப் பார்த்து, "இடுப்புல போடும்மா, பிள்ளைக்கு வலிக்கும்" என்று சொல்லும் பாட்டிகள் உண்டு. கைக்குழந்தைக்குப் பிட்டத்தில் கொழுப்பு அதிகம், நரம்பும் ஓடுகிறது. அதனால் தொடையின் முன்பக்க வெளிப்புறம்தான் சரியான இடம். இடத்தொடையில் பென்டா, வலத்தொடையில் நிமோனியா ஊசி, வலது மேல்கையில் தோலுக்குள் சிறு போலியோ ஊசி என்று இடம் மாறாமல் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. நாளை எங்காவது வீங்கினால், எந்த மருந்தால் வீங்கியது என்று சொல்ல முடியும்.

அட்டவணை எல்லாரிடமும் இருக்கிறது, ஆனால் எந்த நாளில் எத்தனை ஊசி என்பது பலருக்கு அங்கே போய்த்தான் தெரியும். பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலை (ஹெபடைடிஸ் பி) ஊசி. அந்த 24 மணி நேரம் கண்டிப்பானது. பிரசவமான மறுநாளே அட்டையில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 45-ம் நாள் மூன்று ஊசியும் இரண்டு சொட்டு மருந்தும்: பென்டா, நிமோனியா, போலியோ ஊசி, போலியோ சொட்டு, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு. 75-ம் நாள் ஒரு ஊசி, இரண்டு சொட்டு. 105-ம் நாள் மறுபடி மூன்று ஊசி, இரண்டு சொட்டு. 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா, நிமோனியா பூஸ்டர், போலியோவின் மூன்றாம் ஊசி, வைட்டமின் ஏ 1 மி.லி.; சில மாவட்டங்களில் மூளைக்காய்ச்சல் ஊசியும் சேரும். பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்றரை வயது ஊசிகள், 5 வயதில் டி.பி.டி., 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. என்ற ரண ஜன்னி-தொண்டை அடைப்பான் ஊசி.

ஒரே நாளில் மூன்று ஊசியா என்று பதறி, "ரெண்டை இன்னைக்குப் போடுங்க, ஒண்ணை அடுத்த வாரம்" என்று கேட்கும் தாய்மார்கள் நிறைய. மூன்றையும் ஒன்றாகப் போடுவதால் குழந்தையின் உடலுக்குப் பாரமில்லை. பிரித்துப் போட்டால் ஒரு புதன்கிழமை வீணாகும், குழந்தை இரண்டு முறை காய்ச்சலில் கிடக்கும், ஏதாவது ஒன்று விட்டும்போகும். சொட்டு மருந்தை முதலில் கொடுக்கச் சொல்லுங்கள். அழும் வாயில் ரோட்டா ஊற்றினால் பாதி வெளியே வந்துவிடும். முன்னும் பின்னும் தாய்ப்பால் கொடுக்கலாம், தடையில்லை.

சளி, லேசான இருமல், இரண்டு தடவை இளகிப் போனது, பல் முளைப்பது: இவை எதுவும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. குறைமாதக் குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்தே நாள் கணக்கு. முந்தைய தவணையில் மூச்சுத்திணறல், மயக்கம் போன்ற கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால்தான் அதே ஊசியை நிறுத்த வேண்டும். அப்படி ஏதாவது நடந்திருந்தால் வரிசையில் நிற்காமல் நேரே டாக்டரிடம் போங்கள்.

நாள் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். பென்டா, ரோட்டா தவணைகளுக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம் வேண்டும். வயது வரம்புகளை மட்டும் மறக்கக்கூடாது. பி.சி.ஜி.யை ஒரு வயதுக்குள் போட வேண்டும். பென்டாவும் ரோட்டாவும் நிமோனியா ஊசியும் முதல் தவணை ஒரு வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். தட்டம்மை-ரூபெல்லாவை 5 வயது வரை போட்டுக்கொள்ளலாம். டி.பி.டி. 7 வயது வரை. "லேட்டாயிடுச்சு, இனிமே எதுக்கு" என்று வீட்டிலேயே இருந்துவிடும் பெற்றோர் இந்த வரம்புகளைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

இனி குறைகள். முதல் குறை, திருப்பி அனுப்புவது. பென்டா, நிமோனியா, போலியோ குப்பிகளைத் திறந்தபின்னும் சரியாகக் குளிரில் வைத்தால் நான்கு வாரம் வரை பயன்படுத்தலாம். பி.சி.ஜி.யும் தட்டம்மை-ரூபெல்லாவும் தூளைக் கரைத்துப் போடுகிற மருந்து. கரைத்த நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்காவிட்டால் கொட்டிவிட வேண்டும். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான அளவு இருப்பதால், ஒரே குழந்தை வந்த நாளில் "அடுத்த வாரம் வாங்க, நாலு பிள்ளை சேரட்டும்" என்று சொல்லிவிடும் பழக்கம் சில நிலையங்களில் இருக்கிறது. ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பதே விதி. மருந்து வீணாகும் கணக்கைப் பார்த்துச் செவிலியர் தயங்குவது புரிகிறது. ஆனால் திருப்பி அனுப்பிய ஒன்பது மாதக் குழந்தை அடுத்த வாரம் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மதியத்துக்கு மேல் போனாலும் இதே பதில்தான் வரும், கரைத்த மருந்தின் நேரம் முடிந்திருக்கும். காலை பத்து மணிக்குள் போய்விடுவது நல்லது. 9 மாத ஊசிக்கு முந்தைய நாளே கிராம சுகாதார செவிலியருக்குப் போன் செய்து, "நாளைக்கு தட்டம்மை ஊசிக்கு வர்றோம்க்கா" என்று சொல்லிவைத்தால் அவரும் மற்ற குழந்தைகளைச் சேர்த்து அழைப்பார்.

இரண்டாம் குறை, விளக்கிச் சொல்வது. ஒவ்வொரு தாயிடமும் நான்கு விஷயம் சொல்ல வேண்டும் என்பது பயிற்சியிலேயே இருக்கிறது: இன்று என்ன ஊசி, என்ன பக்கவிளைவு வரும், அடுத்து எப்போது வர வேண்டும், அட்டையைப் பத்திரமாக வைத்துக் கொண்டுவர வேண்டும். கூட்ட நாளில் மூன்றாவது மட்டும்தான் வாயில் வருகிறது. அதனால் வீட்டுக்குப் போனபின் நடப்பதெல்லாம் குழப்பம்.

பென்டாவுக்குப் பிறகு ஒன்று, இரண்டு நாள் காய்ச்சலும் தொடையில் வீக்கமும் சாதாரணம். ஈரத்துணி ஒத்தடம் போதும். தேய்ப்பது, வெந்நீர் ஒத்தடம், மஞ்சள் பற்று எல்லாம் வேண்டாம். பாராசிட்டமால் கொடுப்பதில்தான் ஆபத்தான தவறு நடக்கிறது. கைக்குழந்தைக்கான டிராப்ஸில் ஒரு மி.லி.யில் பெரும்பாலும் 100 மி.கி. இருக்கும். சிரப்பில் 5 மி.லி.யில் 120, 125 அல்லது 250 மி.கி. இருக்கும். "5 மில்லி கொடு" என்று பக்கத்து வீட்டில் சிரப்புக்குச் சொன்னதை டிராப்ஸில் கொடுத்தால் 500 மி.கி. உள்ளே போய்விடும். ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மி.கி. என்பது கணக்கு; 5 கிலோ குழந்தைக்கு 50 முதல் 75 மி.கி., அதாவது 100 மி.கி. டிராப்ஸில் அரை முதல் முக்கால் மி.லி. நிலையத்திலேயே எடை போட்டு, எந்த மருந்து, எத்தனை மி.லி., எத்தனை மணிக்கு ஒருமுறை என்று அட்டையின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் எழுதித் தருவார்கள்.

தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்குக் காய்ச்சல் அன்றே வராது. ஒரு வாரம் பத்து நாள் கழித்து லேசான காய்ச்சலும் சிறு தடிப்பும் வரலாம். ஊசியை மறந்துபோய் அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை கட்டும் வீடுகள் உண்டு. பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரம் கழித்துக் கட்டி வந்து, உடைந்து, ஆறித் தழும்பாகும். அதில் எதையும் தடவக்கூடாது. தழும்பு வரவில்லை என்றாலும் மறுபடி போட வேண்டியதில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் அடங்காத அழுகை, துவண்டு போவது, வலிப்பு, மிகக் கடுமையான காய்ச்சல் இவை வந்தால் காத்திருக்காமல் நிலையத்துக்கோ 108-க்கோ சொல்ல வேண்டும். ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்காரச் சொல்வதும் இதற்காகத்தான். ஆனால் உட்கார இடம் எங்கே? ஒரு பெஞ்ச், ஒரு ஃபேன், இருபது தாய்மார்கள். பால் கொடுக்க ஒரு மறைவு கூட இல்லாத நிலையங்கள் இன்னும் இருக்கின்றன. "அரை மணி நேரம் இருங்க" என்று சொல்லிவிட்டு நிற்கவைத்தால் யார்தான் இருப்பார்கள்?

டாக்டர் இல்லாத இடத்தில் ஊசி போடலாமா என்ற கேள்விக்கு இங்கே ஒரு வரலாறு இருக்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் சில காலம் துணை நிலையங்களில் ஊசியை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும் போடச் சொன்னார்கள். பாதுகாப்பை நினைத்து எடுத்த முடிவு. ஆனால் ஊசி தூரமானது. முழுத் தடுப்பூசி பெற்ற 12-23 மாதக் குழந்தைகள், தேசிய குடும்பநல ஆய்வின்படி 2005-06-ல் 80.9 சதவீதம், 2015-16-ல் 69.7 ஆகக் குறைந்தது, 2019-21-ல் 89.2-க்கு ஏறியது. சரிவுக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும், ஊருக்குப் பக்கத்தில் ஊசி போடுவது எவ்வளவு முக்கியம் என்பதை ஒதுக்கிவிடவும் முடியாது. கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு ஐந்து கிலோமீட்டர் பஸ் பயணம் என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. புதன்கிழமையோடு மாதம் ஒரு சனிக்கிழமையும் வைத்தால் எத்தனையோ குடும்பங்களுக்கு உதவியாக இருக்கும்.

மூன்றாம் குறை பதிவு. இதுதான் பணத்தோடும் சேர்ந்தது. கர்ப்பம் தெரிந்ததும் பிக்மி என்ற அரசின் கர்ப்பப் பதிவு இணையதளத்தில் பதிந்து 12 இலக்க ஆர்.சி.எச். எண் (தாய்-சேய் நலப் பதிவு எண்) வாங்க வேண்டும். தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்த்தாலும் இந்த எண் வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தகுதியுள்ள ஏழைத் தாய்மார்களுக்கு முதல் இரண்டு பிரசவத்தில் ஒவ்வொன்றுக்கும் மொத்தம் 18,000 ரூபாய்: 14,000 பணம், தலா 2,000 மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். 2024 முதல் பணம் மூன்று தவணை: கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000, குழந்தையின் நான்காம் மாதம் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. பின்னிரண்டு தவணையும் தடுப்பூசிப் பதிவோடு பிணைந்தவை. ஊசி போட்டிருந்தும் கணினியில் ஏறவில்லை என்றால் பணம் நிற்கும்.

ஏன் ஏறுவதில்லை? நம் ஊர் வழக்கமே ஒரு காரணம். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகிறாள். பிரசவம் அங்கே, 45-ம் நாள் ஊசியும் அங்கே, சில சமயம் 105-ம் நாளும் அங்கே. கர்ப்பப் பதிவு மாமியார் ஊர்ச் செவிலியரிடம் இருக்கிறது. தாய் வீட்டு ஊரில் போட்ட ஊசியை அந்த ஊர்ச் செவிலியர் தன் நோட்டில் எழுதுவார். ஆர்.சி.எச். எண் கையில் இல்லையென்றால் கணினியில் அது யாருடைய குழந்தையோ ஆகிவிடும். இதற்குத் தீர்வு எளிது. எண்ணை அட்டையின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி, போனிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊசிக்கும் அந்த எண்ணைச் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். அன்று மாலையே அட்டையைப் படம் எடுத்து இரண்டு ஊர்ச் செவிலியருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பணம் வராததற்கு மற்ற காரணங்கள் பெரும்பாலும் வங்கியில் இருக்கும்: ஆதார் இணைக்காத கணக்கு, பல ஆண்டு பயன்படுத்தாமல் முடங்கிய கணக்கு, கல்யாணத்துக்கு முன் தகப்பன் பெயரோடும் பின் கணவன் பெயரோடும் இரண்டு விதமாக இருக்கும் இனிஷியல். பிக்மி சந்தேகங்களுக்கு 102-க்குப் போன் செய்யலாம். கூட்டு கணக்கு வேண்டாம், தாயின் பெயரிலேயே இருக்கட்டும்.

தனியாரோடு ஒப்பிட்டால்? "வலியில்லா ஊசி" என்று விற்பதில் கக்குவான் இருமல் பகுதி சுத்திகரிக்கப்பட்ட வகை. காய்ச்சலும் வீக்கமும் குறைவு என்பது உண்மை. அரசு பென்டாவில் இருப்பது கொல்லப்பட்ட கிருமியை முழுதாகச் சேர்த்த முழுச்செல் வகை. காய்ச்சல் கூடுதலாக வரும், கக்குவானுக்கு எதிரான பாதுகாப்பு அதிக நாள் நிற்கும். அந்த ஒரு நாள் காய்ச்சலைத் தாங்கிக்கொள்வதில் நஷ்டமில்லை. நிமோனியா ஊசி தனியாரில் ஒரு தவணைக்கே ஆயிரக்கணக்கில் ஆகும், இங்கே 2021 முதல் இலவசம். அரசுப் பட்டியலில் இல்லாதவையும் உண்டு: பொன்னுக்கு வீங்கி, சின்னம்மை, டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ. வசதி இருந்தால் இவற்றை மட்டும் குழந்தை மருத்துவரிடம் போட்டுக்கொண்டு மற்றதை இங்கேயே போடலாம். அப்படிக் கலந்து போடுகிறவர்கள் இரண்டு புத்தகத்தையும் இரண்டு இடத்திலும் காட்ட வேண்டும். தனியாரில் ஆறு நோய்க்கான ஒரே ஊசி போட்டிருந்தால் அதிலேயே போலியோ ஊசியும் இருக்கும். அது தெரியாமல் செவிலியர் மறுபடி போடவோ விட்டுவிடவோ வாய்ப்புண்டு.

அதிகம் விட்டுப்போவது ஒன்றரை வயது ஊசி. ஒன்பது மாத ஊசியோடு பணத் தவணையும் முடிகிறது, குழந்தை நடக்கத் தொடங்குகிறது, யாரும் நினைவூட்டுவதில்லை. தட்டம்மையின் இரண்டாம் தவணை அதில்தான் இருக்கிறது. வைட்டமின் ஏ-வும் அதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 மி.லி. வீதம் 5 வயது வரை தொடர வேண்டும், மொத்தம் ஒன்பது தவணை. 10 வயது, 16 வயது ஊசிகளைப் பள்ளியிலேயே போட்டுவிடுவதால் பலர் வீட்டில் எழுதி வைப்பதில்லை. அந்தத் தேதிகளுக்கும் அதே அட்டையில் இடம் இருக்கிறது. பிள்ளை பள்ளியில் சேர்ந்ததும் அட்டையைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.